சனி மேல் பழி, வலை மேல் தூசி

அக்கினி நட்சத்திரத்தில் காரைக்கால் வீட்டுக் கணினி தானாக அணைந்தால், திருநள்ளாறு பக்கத்திலேயே இருப்பதால் பழியைச் சனீஸ்வரன் மேல் போடுவது சுலபம். அவர் பாவம். கணினிப் பெட்டியின் முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு, அதன் பின்னால் மூன்று வண்ணவிளக்கு விசிறிகளை மாட்டுவது, ஜன்னலைச் சாத்திவிட்டுக் காற்று வரவில்லையே என்று புலம்புவதற்குச் சமம். விசிறி மூச்சுவிட முடியாமல் வேகமெடுக்கிறது. சத்தம் அங்கேதான் பிறக்கிறது. வேகம் இரட்டித்தால் காற்று இரண்டு மடங்கு, இரைச்சலோ ஏறக்குறைய 15 டெசிபெல் கூடுதல். அதே வேகத்தில் இன்னொரு விசிறியைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபெல்தான். அதனால் 120 மில்லிமீட்டர் விசிறியை விரட்டுவதைவிட, இடமிருந்தால் 140 மில்லிமீட்டரை நிதானமாக ஓடவிடுவது மேல். முன்னால் வலைத்தடுப்போடு இரண்டு, பின்னால் ஒன்று, போதும்.

தலைக்கு மேல் மின்விசிறி ஐந்தாம் எண்ணில் கடகடக்கும் ஊரில் இந்த மௌனம் யார் காதில் விழப்போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், மிக அமைதியான விசிறிக்கு மும்மடங்கு விலை கொடுப்பதற்கு எதிராக இதைவிட நல்ல வாதம் இல்லை. ஆனால் மெதுவாகச் சுற்றும் விசிறி தூசியையும் உப்பேறிய கடற்காற்றையும் குறைவாக இழுக்கிறது. எத்தனை விசிறி வைத்தாலும் அறை 35 டிகிரி என்றால் பெட்டி அதற்குக் கீழே இறங்காது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பெயின்ட் பிரஷ் வாங்கி, மாதம் ஒருமுறை வலையைத் தட்டலாம்.