வருடத்துக்கு ஒரு டாலர்

அமெரிக்க அரசைக் கருமி என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1958-இல் அலபாமாவின் மேக்கன் வட்டாரத்துக் கறுப்பின ஏழை உழவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி, சர்ஜன் ஜெனரலே கையெழுத்துப் போட்டது. கூடவே 25 டாலர். ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்து 25 வருடம். வருடத்துக்கு ஒரு டாலர். கணக்கில் காசு பிசகவில்லை.

என்ன ஆராய்ச்சி? சிபிலிஸ் என்னும் மேகநோய்க்கு வைத்தியமே பார்க்காமல் விட்டால் அது ஆளை எப்படித் தின்கிறது என்று பார்ப்பது. 1932 முதல் பிடித்துப்போட்ட 600 பேரில் 399 பேர் நோயாளிகள். நோயின் பெயரை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதற்கு, விசேஷ இலவச சிகிச்சை என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். சோதனைக்கூடத்து எலிக்கு ஒரு கௌரவம் உண்டு: அதனிடம் யாரும் பொய் சொல்வதில்லை.

1947-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. நாஜி மருத்துவர்களை விசாரித்த அமெரிக்க நீதிபதிகள், சம்மதமில்லாமல் மனிதன்மேல் சோதனை கூடாது என்று நியூரம்பர்க்கில் விதி எழுதினார்கள். மேகநோய்க்கு பெனிசிலின்தான் மருந்து என்பதும் நிலைபெற்றது. இரண்டுக்கும் மேக்கன் போகும் சாலை மட்டும் தெரியவில்லை. தெரியாமல் என்ன? ராணுவத்துக்கு ஆளெடுத்தவர்கள் வைத்தியம் பார்க்கச் சொன்னபோதே, இவர்களைத் தொடாதீர்கள் என்று பட்டியல் கொடுத்துத் தடுத்த மகான்கள் இருக்கிறார்களே!

சாவுக்கு மட்டும் குறையில்லாத ஏற்பாடு. ஈமச்செலவுக்கு 50 டாலர். பதிலுக்குப் பிணத்தை அறுக்க சம்மதம். உயிருள்ள உடம்புக்குத் தேவைப்படாத சம்மதம் பிணத்துக்குத் தேவைப்பட்டது.

இதை யாரோ ஒரு பைத்தியக்கார டாக்டர் இருட்டறையில் செய்யவில்லை. அரசுச் சம்பளத்தில் நடந்தது. மருத்துவ இதழ்களில் கட்டுரையாக வந்தது. படித்தவர்கள் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்கள். 1965-இல் ஒரு டாக்டர் மட்டும் மனம் பொறுக்காமல் கண்டித்து எழுதினார். பதில் போடுவதாக இல்லை என்று குறிப்பெழுதிக் கடிதத்தைக் கோப்பில் சொருகினார்கள். இதற்குள் மனைவிமாருக்கும் தொற்றியிருந்தது. பிள்ளைகள் நோயோடு பிறந்திருந்தன. 1972-இல் பத்திரிகையில் நாறிய பிறகுதான் கடையைக் கட்டினார்கள். 1997-இல் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டபோது, கேட்டுக்கொள்ள உயிரோடிருந்தவர்கள் எட்டே பேர்.

ஆனாலும் அந்த டாக்டர்களின் நோயறிதலைக் குறைசொல்லக் கூடாது. அங்கே கெட்ட ரத்தம் இருந்தது உண்மைதான். ஊசியைத் தங்கள் கையில் குத்திப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.