சின்ன தேசமும் சின்ன ராஜ்யமும்

கேள்வி: ஸ்விட்சர்லாந்து போன்ற சின்ன தேசத்துப் பெண்கூட ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பதக்கம் வாங்கும்போது, நூறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்ட நமக்கு ஏன் அது கைகூடவில்லை?
– ஒரு வாசகர், கள்ளிக்குப்பம்

பதில்: கைக்கு எட்டியது 0.150 புள்ளியில் நழுவிற்று, ஐயா! 2016-இல் ரியோவில் நடந்த வால்ட் இறுதிப் போட்டியில் ஸ்விட்சர்லாந்தின் கியூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216 பெற்று வெண்கலத்தை அடைய, 15.066 பெற்று நான்காம் ஸ்தானத்தில் நின்றவர் அகர்த்தலாவின் தீபா கர்மாகர். சின்ன தேசம் என்கிறீர்களே, அதன் ஜனத்தொகையில் பாதிகூட இல்லாத திரிபுராவிலிருந்து, அதுவும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஆகாதென்று கருதப்படும் தட்டைப் பாதங்களுடன் புறப்பட்ட பெண்ணை, குரு விஸ்வேஸ்வர் நந்தி பொறுமையே மூலதனமாக வார்த்தெடுத்தார்.

தீபா கைக்கொண்ட ‘ப்ரோடுனோவா’வோ சாமானிய வித்தை அன்று. வேகமாக ஓடிவந்து, மேஜையில் கைகளை ஊன்றி எழும்பி, அந்தரத்தில் முன்புறமாக இரண்டு குட்டிக்கரணம் போட்டு, தரை கண்ணுக்குத் தென்படுமுன்பே பாதங்களை ஊன்றியாக வேண்டும். கணக்கு இம்மி பிசகினால் கழுத்துக்கே அபாயம். உலகத்தில் அதை வெற்றிகரமாகச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கில் கால் வைத்த முதல் பாரதப் பெண்ணும் அவரே. பதக்கப் பட்டியலை மாத்திரம் பார்த்து இத்தகைய சாதனையை அளப்பது எனக்குச் சம்மதமில்லை.

பிறகு முழங்கால் சிகிச்சை, தடைசெய்யப்பட்ட மருந்தின் பேரில் 21 மாத விலக்கம் ஆகியவற்றால் வருஷங்கள் பல வீணாயின. ஆயினும் 2024-இல் தாஷ்கண்டில், தமது முப்பதாம் பிராயத்தில், ஆசியப் போட்டியின் வால்ட் தங்கத்தை வென்ற பின்னரே அவர் ஓய்வு பெற்றார்.