தேரிக்காட்டிலிருந்து ராஜ்மகால் மலைக்கு

சாத்தான்குளத்திலிருந்து திசையன்விளை வழியாகப் போனால் இடையன்குடி அதிக தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேனில் கிளம்புகிற குடும்பங்கள் முதலூரில் மஸ்கோத் அல்வா வாங்கி, இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீட்டைப் பார்த்து, மெய்ஞ்ஞானபுரத்தில் 192 அடி உயரக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்து, மணப்பாட்டுக் கடலில் கால் நனைத்துவிட்டு இருட்டுமுன்னே வீடு திரும்பிவிடுகின்றன. நல்ல காரியந்தான். பிள்ளைகள் தங்கள் மண்ணைப் பார்க்கட்டும். ஆனால் இடையன்குடி வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை உறுத்துகிறது. பார்க்க வருகிறவர்கள் பேசிக்கொள்வது ஒருவரைப் பற்றி மட்டுமே. அங்கே குடித்தனம் நடத்தியவர்கள் இரண்டு பேர்.

மிஷனெரி ராபர்ட் கால்டுவெல் 1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. நாலு மாதத்துக்கு மேல் கப்பலில் இருந்திருக்கிறார். 1841இல் தெற்கே புறப்பட்டவர் தரங்கம்பாடி, தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றி, பெரும்பாலும் நடந்தே வந்து, ஆண்டு முடிவில் இடையன்குடி சேர்ந்தார். ஜனங்களை அறிய வேண்டுமானால் அவர்கள் நடக்கிற வழியில் நடக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. இன்று நாம் ஊர் சுற்றிப் பார்ப்பது என்கிறோமே, அவர் செய்தது அதுதான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் பேச்சைக் கேட்டார், கேட்டதைக் குறித்துக்கொண்டார்.

அவர் மனைவி எலைசாவின் கதை வேறு. சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்ற மிஷனெரித் தம்பதியின் மகள் அவர். நாகர்கோவிலில் பிறந்தவர். மார்த்தா அம்மையார்தான் அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். 1844 மார்ச் 20ஆம் தேதி எலைசாவுக்கும் கால்டுவெல்லுக்கும் நாகர்கோவிலில் கல்யாணம். கணவருக்கு இந்த நாடு அயல்நாடு. மனைவிக்கோ இதுதான் பிறந்த மண். இங்கிலாந்துதான் போய்ப் பார்க்க வேண்டிய தூரதேசம். கால்டுவெல் முன்ஷியிடமும் ஏட்டிலும் தமிழ் கற்றார். எலைசாவுக்கு அது பிறந்த வீட்டு வாசலில், வேலைக்கு வந்த பெண்களின் வாயிலிருந்து சின்ன வயதிலேயே கிடைத்தது. தன் தாயின் லேஸ் தொழிலை இடையன்குடிக்குக் கொண்டு வந்தார். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். பனையேறுகிற குடும்பங்களில் பதநீர் காய்ச்சும் மாதங்கள் போக மீதி நாளில் கையில் காசு புரளாது. அந்த நாட்களில் ஒரு பெண் தானாகச் சம்பாதித்த காசை முந்தானையில் முடிந்துகொண்டாள் என்றால், அதற்குப் பின்னால் எலைசா இருந்தார்.

கால்டுவெல் கிணறு வெட்டினார், தெருக்களை நேராக வகுத்தார், மரம் நட்டார். 1847இல் அடிக்கல் நாட்டிய தூய திரித்துவ ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்துமூன்று வருடம்! இதற்கிடையே 1876 முதல் 78 வரையிலான பஞ்சமும் வந்து போயிற்று. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1875இல் விரிவான இரண்டாம் பதிப்பு. 1877இல் பிஷப் ஆன பிறகும் சும்மா இருக்கவில்லை. கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பழைய துறைமுகத்தின் தடயத்தைத் தேடினார். முத்துக் குளிக்கிற கரையின் கதையையும் சேர்த்துத் திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தை 1881இல் எழுதி வெளியிட்டார். எழுபதை நெருங்கும் வயதில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். வேலையை விட்டது 1891 ஜனவரியில். அதே ஆண்டு ஆகஸ்டில் கோடைக்கானலில் உயிர் பிரிந்தது. உடலை மலையிலிருந்து இறக்கிக் கொண்டு வந்து, அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். எலைசா எட்டு வருடம் பிந்தி, 1899இல் இறந்தார். அவரும் இடையன்குடி மண்ணில்தான் இருக்கிறார். கால்டுவெல்லுக்கு 1968இல் மெரினாவில் சிலை வைத்தோம். எலைசாவுக்கு என்ன செய்தோம்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்தால் எங்கள் ஊரார் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1849இல் கால்டுவெல் எங்கள் மக்களைப் பற்றி எழுதிய சிறு நூல் அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. பூர்வீகத்தைப் பற்றியும் அறிவைப் பற்றியும் அதில் இருந்தவற்றை எதிர்த்து அந்தத் தலைமுறையே கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. எங்களோடு வாழ்ந்து, எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர் எழுதியது என்பதால் வலி கூடுதல். அவர் செய்த நன்மையை அது அழிக்காது. நன்மை செய்தார் என்பதற்காக அதை மறைக்கவும் கூடாது. வேற்று மண்ணில் ஊழியத்துக்குப் போகிற எவரும் தாங்கள் போய்ச் சேர்ந்த ஜனங்களைப் பற்றிப் பேனாவை எடுக்குமுன் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் கணக்கெடுத்த மொழிகளில் ஒன்று ராஜ்மகால் மலை மொழி. கங்கைக் கரையோரம், இன்றைய ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச், பாகூர், கொட்டா பக்கத்து மலைமேல் வாழும் மால்தோ ஜனங்களின் பேச்சு அது. தமிழுக்கு எங்கோ வடகிழக்கில் விட்டுப்போன உறவு. தேரிக்காட்டு ஓரத்தில் வாழ்ந்தவர் அந்த உறவை எழுதினார். அதற்குப் பல தலைமுறை கழித்து, இதே பனங்காட்டுச் சபைகளிலிருந்து ஜனங்கள் அந்த மலைக்கே ஊழியத்துக்குப் புறப்பட்டார்கள். என் பெரியப்பாவும் பெரியம்மாவும் அதில் இருந்தார்கள்.

பெரியப்பா தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். பெரியம்மா சின்ன வகுப்பு டீச்சர். 1990களில், இரண்டு பேருக்கும் பென்ஷன் வரத் தொடங்கியதும், ஒரு மிஷனெரி சங்கத்துக்கு எழுதிப் போட்டார்கள். சொந்தத்தில் ஒருவருக்கும் இது பிடிக்கவில்லை. “பேரப்பிள்ளையள வச்சுக்கிட்டு இருக்க வேண்டிய வயசுல எதுக்கு மைனி இந்தப் பாடு?” என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. பெரியம்மா கோபப்படவில்லை. “இத்தன வருசம் பிடியரிசி எடுத்து வச்சோம்லா. அது யாருக்குப் போச்சுன்னு ஒரு தடவ போய்ப் பாக்க வேண்டாமா?” என்றாள். எங்கள் பக்கத்தில் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து ஊழியத்துக்கென்று தனிப்பானையில் போடுவது பெண்களின் பழக்கம். எத்தனையோ பேரை வடக்கே அனுப்பியது அந்தப் பானை.

சென்னை போய், கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹௌரா போய், அங்கிருந்து இன்னொரு ரயில். பிறகு மலையேற்றம். கால்டுவெல்லின் கப்பலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அறுபதை நெருங்கும் முழங்காலுக்கு அது போதும்.

பெரியம்மாவின் இன்லண்ட் கடிதங்களில் வீட்டு நடப்புதான் நிறைய. கடுகெண்ணெய் வாசனை தலைக்குள்ளேயே ஏறி நிற்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதினாள். தேங்காய் கண்ணில் படவில்லை. தண்ணீர் மலைக்குக் கீழே ஊற்றில்; அங்கத்துப் பெண்களே குடம் சுமந்து கொடுத்தார்கள், காசு நீட்டினால் வாங்கவில்லை. அவர்கள் மலைச்சரிவில் சோளமும் பர்பட்டி என்ற பயறும் விதைத்தார்கள், சபாய்ப் புல்லை அறுத்துச் சந்தையில் விற்றார்கள். விலை சொல்கிறவன் வியாபாரி. எடை போடுகிறவனும் அவனே. ஆகவே பெரியப்பா முதலில் நடத்திய பாடம் வேதபாடம் அல்ல, கணக்கு. சாயங்காலம் சிம்னி விளக்கில் கூட்டல், கழித்தல், தராசு பார்ப்பது. எழுத்துத் தெரிந்த பிள்ளை ஒருவன் சந்தைக்குக் கூடப் போனதும் விலை கொஞ்சம் ஏறியது என்று அவள் எழுதியதை அப்பா எங்களுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

ஒரு கடிதத்தில், “இங்கேயும் பனை நிக்கு” என்று தொடங்கியிருந்தாள். அடிவாரத்து வயல்களில் வரிசையாகப் பனை. முதல் தடவை பார்த்தபோது ரோட்டில் நின்று அழுதாளாம். ஆனால் கள்தான் இறக்கினார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, காய்ச்சினால் கருப்பட்டியாகும் என்று சொல்லி, ஒருவரை இணங்க வைத்து, தானே அடுப்பு மூட்டிக் காய்ச்சியிருக்கிறாள். முதல் வட்டு பாகு முறிந்து கெட்டுப்போனது. பிறகு வந்ததைப் பிள்ளைகள் சட்டியோடு வழித்துத் தின்றார்களாம். உடன்குடிப் பக்குவம் வரவில்லை என்று மட்டும் குறைப்பட்டிருந்தாள்.

எல்லாம் இப்படி இல்லை. அந்த மாவட்டங்களில் காலா அசார் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. மணற்பூச்சி கடித்து வருவது. வயிறு வீங்கும், உடம்பு கறுக்கும், வைத்தியம் இல்லாவிட்டால் சாவு. நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையிறங்குகிற ஆட்களுக்குப் பின்னால் பெரியம்மாவும் நடந்திருக்கிறாள். பெரியப்பாவுக்கு மலேரியா திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்ப வைத்ததும் அதுதான்.

ஊர் பார்த்ததும் உண்டு. மழைக்காலத்தில் சாகிப்கஞ்சில் கங்கையைப் பார்த்தபோது அக்கரை தெரியவில்லை. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவள் பக்கம் பக்கமாக அதை எழுதினாள். 1855இல் சந்தால் மக்களைத் திரட்டிக் கும்பினிக்கு எதிராக எழுந்த சிதோ, கான்ஹூ சகோதரர்களின் போக்நாடி கிராமத்துக்குப் போனார்கள். கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்த பெரியப்பா அங்கே ரொம்ப நேரம் நின்றாராம்.

அவர்கள் பார்த்த இடங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது செராம்பூர். வில்லியம் கேரியின் ஊர். அங்கே கேரி நூலகத்தில், 1905 டிசம்பர் 25ஆம் தேதி தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. எங்களுக்குக் கூப்பிடு தூரத்து வெள்ளாளன்விளைக்காரர். 1874இல் அங்கே ஒரு போதகரின் மகனாகப் பிறந்து, மெய்ஞ்ஞானபுரம் விடுதியில் படித்தவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறக்கவும் அவர்தான் முன்னின்றார். பிறரைப் போகச் சொல்லிவிட்டுத் தான் வீட்டில் இருக்கவில்லை. 1909இல் மனைவி அன்புவையும் கூட்டிக்கொண்டு நைஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்குப் போனார். முதலில் கூடார வாசம், பிறகு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் பயணம், புதிதாகத் தெலுங்கு. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அவர் வெள்ளை மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே கேட்டது தர்மத்தையும் தியாகத்தையும் அல்ல, சமமான சிநேகத்தை. கால்டுவெல்லின் 1849 நூலால் புண்பட்ட மக்களிடமிருந்து வந்த மறுமொழி என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

தோர்ணக்கல் என்றாலும் நாம் அசரியாவின் பேரைத்தான் சொல்கிறோம். அந்தக் கூடாரத்தில் உலை வைத்தவர், பிள்ளைகளை வளர்த்தவர், தெலுங்குப் பெண்களோடு உட்கார்ந்து பேசியவர் அன்பு.

இப்போது ஊழியத்துக்குப் போகிறவர்கள் மலை உச்சியிலிருந்தே வீடியோவில் பேரனைப் பார்க்கிறார்கள். சந்தோஷம். பெரியம்மாவுக்கு அது கிடைத்திருந்தால் பாதி ராத்திரி அழுகை மிச்சமாகியிருக்கும். ஆனால் பேசுவது காற்றோடு போய்விடுகிறது, கடிதம் நின்றுவிட்டது. இன்னொன்றையும் பார்க்கிறேன். நம் பக்கத்தில் இன்று கட்டடம் கட்டுகிற பையன்களில் ஜார்க்கண்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அன்று நம் பெரியவர்களுக்குக் காசு வாங்காமல் தண்ணீர் சுமந்து கொடுத்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். நாம் அவர்களிடம் பேரைக்கூடக் கேட்பதில்லை. பெரியம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள். மால்தோவில் இரண்டு வார்த்தை பேசியும் பார்த்திருப்பாள்.

கால்டுவெல்லின் நினைவுக் குறிப்புகளை அவர் மருமகன் வையாட் தொகுத்து 1894இல் அச்சிட்டார். அதனால்தான் இன்று அவர் நடந்த வழியை நம்மால் சொல்ல முடிகிறது. எங்கள் வீட்டுக் கடிதங்களில் கரையான் அரித்தது போக மீந்தவற்றை நான் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். சாத்தான்குளம், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துச் சபைகளில் வடக்கே ஊழியம் செய்து திரும்பிய வயதான தம்பதிகள் இன்னும் இருக்கிறார்கள். அசன விருந்தன்று ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், போர்த்துங்கள். அதோடு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போய் உட்காருங்கள். அங்கே என்ன சமைத்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சுமந்து கொடுத்தார்கள், அவர்கள் பேர் என்ன என்று கேளுங்கள். சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இந்த வருடமே செய்யுங்கள்.