கப்பலிலேயே தங்கிவிட்ட திங்கட்கிழமை

மிஷனரிமார் திருநெல்வேலிச் சீமைக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்த சாமான்களைக் கணக்குப் பார்த்தால் ஒரே ஒரு உருப்படி குறைகிறது. பள்ளிக்கூடம் வந்தது, அச்சுக்கூடம் வந்தது, ஆர்கன் பெட்டியும் வந்தது. ரேனியுஸ் ஐயர் 1826-ல் பாளையங்கோட்டையில் எழுப்பிய கோயில்தான் இன்றைய ஊசிக்கோபுரம். கால்டுவெல் ஐயரின் இடையன்குடிக் கோயில் 1880-ல் பிரதிஷ்டையானது. பெரிய வெள்ளி வந்து, அரசாங்க விடுமுறைப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஈஸ்டர் திங்கள் மட்டும் கரை இறங்கவில்லை. இங்கிலாந்தில் 1871-ல் சட்டமே போட்டு அதை வங்கி விடுமுறை ஆக்கினார்கள். ரேனியுஸ் ஜெர்மானியர்; ஜெர்மனியிலும் அன்றைக்கு லீவுதான். அவர் காலத்தில் அந்தச் சட்டம் இல்லையே என்று சரித்திர வாத்தியார்கள் கிளம்புவார்கள். வேண்டாம், 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலேயே ஈஸ்டருக்கு அடுத்த திங்களுக்கும் செவ்வாய்க்கும் தனித்தனி வாசகம் உண்டு. ஆக, பக்கம் வந்திருக்கிறது, நாள் வரவில்லை. இதனால் பெருநஷ்டப்பட்டவர்கள் நம் சண்டே ஸ்கூல் டீச்சர்மார் என்பது என் கட்சி.

ஈஸ்டரன்று பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லி, நாலு பாட்டுப் பாடி, ஆளுக்கொரு முட்டையைக் கையில் கொடுத்து அனுப்ப ரெண்டு மணி நேரம். அதற்கு ஒரு நாள் லீவா என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். ரெண்டு மணி நேரம்தான், மறுக்கவில்லை. அது எதற்குப் பின்னால் வருகிறது என்று பார்க்க வேண்டாமா? குருத்தோலைப் பவனியில் ஓலையை வாளாக்கிச் சண்டை போடும் பையன்களைப் பிரித்துவிடுவதில் வாரம் ஆரம்பம். பெரிய வியாழன் இரவு ஆராதனை. வெள்ளி மத்தியானம் 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை. சனிக்கிழமை முழுக்கத் தெர்மோகோலில் கல்லறை கட்டும் பணி. ஞாயிறு இருட்டோடு எழுந்து விடியற்கால ஆராதனை. அப்புறம்தான் பிள்ளைகள் நிகழ்ச்சி. அந்த நாடகத்தில் எல்லாப் பையனும் போர்ச்சேவகனாகத்தான் வருவேன் என்பான். கையில் பட்டயம் உண்டு. தூதனைக் கண்டதும் செத்தவன் போல விழவும் செய்யலாம். ஒத்திகையில் ஒருமுறை விழுந்தவன், "சரியா விழலை டீச்சர்" என்று மறுபடி விழுவான். பக்கத்தில் நிற்கும் தெர்மோகோல் கல்லும் கூடவே விழும். இயேசுவாக நடிக்கத்தான் ஆள் அகப்படாது; கடைசிக் காட்சிவரை சத்தம் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டுமே. தூதனுக்கு வேறு பிரச்சினை. ஃபேன் காற்றில் ஒரு சிறகு முன்பக்கம் மடங்கிவிடும். அதைப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு டீச்சர்தான்.

கிறிஸ்துமஸுக்கும் இதே பாடுதானே, அப்போது யாரும் படுத்துக்கொள்வதில்லையே என்பது அடுத்த கேள்வி. கிறிஸ்துமஸ் மார்கழியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஊரைக் குளிப்பாட்டிவிட்டுப் போயிருக்கும், அரையாண்டுப் பரீட்சையும் முடிந்திருக்கும். ஈஸ்டரோ மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே, பௌர்ணமியைப் பார்த்து வருகிற பண்டிகை. பாளையங்கோட்டையில் அது வெயிலின் மாதம், பள்ளிக்கூடத்தில் பரீட்சையின் மாதம். கிட்டத்தட்ட அதே நிலாவைப் பார்த்துத்தான் பங்குனி உத்திரமும் வருகிறது. 2025-ல் உத்திரம் ஏப்ரல் 11, ஈஸ்டர் ஏப்ரல் 20. உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிற நம் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கவனித்தால் தெரியும்: பொங்கலிட்டு, மரத்தடியில் சாப்பிட்டு, சமுக்காளத்தை விரித்துப் படுத்தெழுந்து, வெயில் தாழ்ந்த பிறகே வீடு திரும்புவார்கள். அந்தப் படுக்கையையும் சேர்த்துத்தான் அவர்கள் கணக்கில் கோயிலுக்குப் போய்வந்தது. நாமோ பண்டிகையை ஆராதனையோடு முடித்துவிட்டு, தூக்கத்தைத் திருட்டுத்தனமாக வைத்திருக்கிறோம். ஞாயிறு மத்தியானம் ஐயரம்மா போன் செய்தால், அப்போதுதான் எழுந்த டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு "இல்லம்மா, முழிச்சுத்தான் இருந்தேன்" என்கிறார்.

வேதம் தெரிந்தவர்கள் உடனே கெத்செமனேயைக் கொண்டுவருவார்கள்: சீஷர்கள் தூங்கியதற்கு ஆண்டவர் கண்டிக்கவில்லையா? கண்டித்தார், அது வியாழன் ராத்திரி. வியாழன் ராத்திரி நம் டீச்சர்கள் முழித்துத்தான் இருக்கிறார்கள். வேலை முடிந்து களைத்துப்போனவனுக்கு வேறு அத்தாட்சி இருக்கிறது. எலியா சூரைச்செடியின் கீழே படுத்துத் தூங்கினபோது தேவதூதன் எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா என்ன செய்தார்? திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரெண்டாம் தரமும் அவனே எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இதைவிடப் பெரிய சாட்சி, உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில் நடந்தது. ராமுழுக்க வலை வீசிக் களைத்தவர்களுக்கு ஆண்டவரே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார். வலையில் 153 மீன் வந்ததற்குக் கணக்கு இருக்கிறது. அன்று காலை அவர்களுக்கு வேறு வேலை கொடுத்ததற்கு மட்டும், சாப்பாடு முடிகிறவரை, கணக்கே இல்லை. இது தண்ணீர்க்கரையில் நடந்தது என்பதைத் தாமிரபரணிக்காரர்கள் கவனிக்க வேண்டும். கோடையிலும் ஓடுகிற ஆறு. நுங்கும் பட்டையில் ஊற்றின பதநீரும் கிடைக்கிற காலம். போலந்தில் ஈஸ்டர் திங்களன்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள். அந்தக் குளிரில் அது முடிகிறதென்றால் குறுக்குத்துறையில் முடியாதா?

ஊழியத்துக்குக் கூலி கேட்கலாமா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை போதும்: கேட்பது கூலி அல்ல, ஜெபப் புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிற நாள். எனக்கு நிஜமாகவே பயம் தருகிற ஆட்சேபம் வேறொன்று, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. திங்கள் லீவு கிடைத்துவிட்டால், அந்த வாரமே கமிட்டி கூடி, ஓய்வுக்கென்று ஒரு சப்-கமிட்டி போடும். காலை 6 மணிக்கு வேன், பாபநாசம் அகஸ்தியர் அருவி, பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி, எலுமிச்சைச் சாதப் பொட்டலம் என்று நோட்டீஸ் அடிப்பார்கள். தலை எண்ணி வேனில் ஏற்ற, வழுக்குப் பாறையில் காவல் நிற்க, தொலைந்த செருப்பைத் தேட, அதே டீச்சர்மாரின் பேர் கடைசி வரியில் இருக்கும். ஆகையால் தீர்மானத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தே எழுத வேண்டும்: அந்த வேனில் கமிட்டி உறுப்பினர்கள் போகட்டும்.