ஃபார்மேட் போடத்தான் வேண்டுமா?

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்தால், விண்டோஸ் ஃபைல் ஒன்று கெட்டுவிட்டது என்று நீலத்திரை காட்டுகிறது. கடைக்காரர், ‘ஃபார்மேட் போட்டுடலாம் சார்’ என்கிறார். வேறு வழியே இல்லையா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: பல் வலிக்குத் தலையை எடுக்கச் சொல்கிறார்! கெட்டது ஒரு ஃபைல். உங்கள் கல்யாண போட்டோக்கள் என்ன பாவம் செய்தன? விண்டோஸ் 10, 11 இரண்டும், தொடர்ந்து இரண்டு மூன்று முறை எழத் தவறினால் தாமாகவே பழுதுபார்க்கும் திரைக்கு வந்துவிடும். அதன் வழியாக சேஃப் மோடுக்குப் போய், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எஃப்சி என்ற கட்டளையை ஓடவிடுங்கள். கெட்ட ஃபைலைத் தூக்கிவிட்டு, விண்டோஸ் தன்னிடமே பதுக்கி வைத்திருக்கும் நல்ல நகலை வைக்கும். பாட்டி அரிசிப் பானையில் காசு ஒளித்து வைப்பாரே, அதேபோல! பானையே ஓட்டையென்றால் டிஸ்ம் என்ற கட்டளை, இன்டர்நெட்டிலிருந்து புது நகலை இறக்கும். சேஃப் மோடே வரவில்லையா? லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து போட்டோக்களை முதலில் வெளியே எடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் சாவி எண் கையில் இருக்க வேண்டும்.

நீங்கள் தனியாள் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான ஃபைல், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. அப்போது மைக்ரோசாஃப்ட், தன் கிளவுட் வாடிக்கையாளர்களுக்கு, ‘15 தடவைகூட ரீஸ்டார்ட் செய்ய வேண்டிவரலாம்’ என்றது. உங்கள் கடைக்காரர் ஒரு தடவையாவது செய்தாரா?