கரிசற் குளிரும் கழுத்துப் பூவும்: எட்டயபுரத்தில் வளைய மப்ளரின் நியாயம் குறித்து ஓர் ஆராய்ச்சி

எட்டயபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகையைச் சற்றே தாண்டிக் கிடக்கிறது. மார்கழி விடியலிலும் அங்கே வெப்பமானி இருபதுக்குக் கீழே இறங்க யோசிக்கும். அப்படிப்பட்ட ஊரில், மேலெல்லாம் பூப்பூவாகப் புடைத்து நிற்கும்படி குரோஷா ஊசியால் பின்னி, இரு முனைகளையும் சேர்த்து வளையமாக மூடிய மப்ளரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள யாருக்கு என்ன தேவை என்பது பூர்வபட்சம். இந்த வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போய்வந்தவர்கள். குளிர் அங்கேதான் இருக்கிறது, பஸ் ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்ற கொள்கையினர். அவர்களை மறுத்து இக்கட்டுரை நிறுவ வருவது ஒன்றே ஒன்று: வளைய மப்ளருக்கு உரிய நிலம் கரிசல், அங்கே குளிர் வெறும் சாக்கு, பூவே காரணம்.

சாக்கு என்றதும் அதை இளப்பமாக எண்ணிவிடக் கூடாது. தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பனிக்கே எழுதிக் கொடுத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியில் இறங்குவது முன்னது, விடியலை ஒட்டி இறங்குவது பின்னது. ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு பனிக்குப் பட்டா போட்ட இனம், குளிரே அறியாத இனம் என்பது பொருந்தாது. பங்குனியில் எட்டயபுரத்து வெயில் மண்டையைப் பிளக்குமே என்றால், பிளக்கட்டும். இலக்கணம் பனி என்று சொல்லிவிட்ட பிறகு வெப்பமானி குறுக்கே பேச முடியாது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. மச்சைத் துளைக்கும் ஒரு பொருளுக்கு மனிதக் கழுத்து எம்மாத்திரம் என்பது உய்த்துணர வைத்தது.

கரிசல் வெள்ளாமையும் இதற்குச் சான்று. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துக்கொண்ட கறுப்பு மண் பிறகு அந்த ஈரத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொள்கிறது. மழை நின்றபின் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் அந்த ஈரத்தையும் இரவுப் பனியையும் நம்பித்தான் நிற்கின்றன. கொண்டைக்கடலைச் செடியின் இலையில் பொடிப்பொடியான சுரப்பி மயிர்கள் உண்டு. அவை கசியவிடும் அமிலத்தோடு பனி கலந்துவிடும். விடிகாலையில் கடலைக் காட்டுக்குள் நடந்தால் வேட்டிக் கரை நனையும். அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தால் புளிக்கும். ருசி பார்க்கும் அளவுக்குப் பனி இறங்கும் ஊரில் பனியே இல்லை என்று வாதாடுவது வழக்கறிஞருக்கும் கஷ்டம்.

எதிர்த்தரப்பின் ஆக வலுவான சாட்சி வேம்பூர் ஆடு. எட்டயபுரத்துக்கு வடக்கே உள்ள வேம்பூரின் பெயரைத் தாங்கிய இந்தச் செம்மறி இனம் நெடிய கால், தொங்கும் காது, வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்டது. உடம்பு முழுதும் குட்டை முடி, கம்பளி மட்டும் கிடையாது. செம்மறியாகப் பிறந்தும் கம்பளி வேண்டாம் என்று ஆடே தீர்மானித்துவிட்ட பூமியில் மனிதனுக்கு மட்டும் எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வி கூர்மையானது, ஆனால் ஆட்டின் வாழ்க்கை முறையைக் கணக்கில் எடுக்காதது. ஆடு பட்டியில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும். அதன் மப்ளர் பக்கத்து ஆடு. மார்கழியில் நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடும் கடமையும் அதற்கு இல்லை. பால் வாங்க வரிசையில் நிற்பதும் இல்லை. விடியலில் தனியாக வெளியே வரும் பிராணி மனிதன் ஒருவன்தான். ஆகவே ஆட்டின் சாட்சியம் உண்மையானது, ஆனால் இவ்வழக்குக்குப் பொருந்தாதது.

பிராணிகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் பேகனை விட்டுப் போக முடியாது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் நடுங்குவதாக நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்தான். அது ஈகையா, மடமையா என்று நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறதே தவிர, அதன் ஆடையியல் பிழையை யாரும் சுட்டவில்லை. மயிலுக்கு உடம்பெல்லாம் இறகு, முதுகு சரிவானது, தோகை விரித்த கணம் போர்வை தரையில் கிடக்கும். அந்தப் பறவையிடம் நீளமாக, நிமிர்ந்து, எதையும் தாங்கத் தோதாக இருப்பது கழுத்து ஒன்றே. தலை சிறிது, ஆகவே மாட்டுவது எளிது. வளையம் மூடியது, ஆகவே நழுவாது. பேகனின் நாட்டில் குரோஷா இருந்திருந்தால் ஈகையோடு பொருத்தமும் சேர்ந்திருக்கும். இன்று எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் மக்காச்சோளக் காட்டில் மயில் செய்யும் அழிமானத்தைப் பார்க்கும் சம்சாரி, அதற்கு மப்ளர் போடும் யோசனையை வேறு அர்த்தத்தில் வரவேற்கக்கூடும். அது தனி ஆய்வு.

இதுவரை சொன்னது குளிர் உண்டு என்பதற்கு. இனி, குளிர் இல்லாவிட்டாலும் கழுத்துத் துணி வேண்டும் என்பதற்கு. 2017 மே மாதம், அதாவது அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் மாதம், சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற பெண்கள் குழு உலகிலேயே நீளமான குரோஷா ஸ்கார்ஃபைப் பின்னிக் கின்னஸில் ஏற்றியது. நீளம் 14 கிலோமீட்டருக்கும் அதிகம். கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு எட்டயபுரம் சாலையில் விரித்துக்கொண்டே வந்தால் ஊர் எல்லை கண்ணில் படும் தூரத்தில்தான் தீரும். அதற்கு முந்தைய ஆண்டு இதே குழு 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரு கம்பளி விரிப்பைச் சென்னையிலேயே பின்னி முடித்திருந்தது. இவற்றில் ஒன்றாவது குளிருக்கு அஞ்சிப் பின்னப்பட்டது என்று எவராவது சொல்வார்களா? குளிர் நாடுகளை விட்டு இது சென்னையில் தோன்றியது என்றால், பின்னலுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவு நாம் நினைத்ததற்கு நேர்மாறானது என்பது பெறப்படும்.

பாரதியாரையும் இங்கே அழைக்கலாம். எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த அவர் 1898இல் காசிக்குப் போனார். தலைப்பாகை அங்கே பழகியது என்பார்கள். காசியின் குளிரில் தலைப்பாகைக்குக் காரணம் உண்டு. 1902ஐ ஒட்டி எட்டயபுரத்துக்குத் திரும்பியபோது காரணம் போய்விட்டது, தலைப்பாகை போகவில்லை. சென்னைக்கும் வந்தது, புதுச்சேரிக்கும் போனது, இன்றைக்குச் சுவரில் நாலு கோடு இழுத்தாலே ஆள் யார் என்று காட்டிக்கொடுக்கும் அளவுக்கு நிலைத்தது. உடம்பில் ஏறும் துணி வானிலையைக் கேட்டு ஏறலாம். இறங்குவது வானிலையைக் கேட்டு அல்ல. அவர் கழுத்துக்கு ஏன் ஒன்றும் செய்துகொள்ளவில்லை என்ற கேள்வி மிஞ்சும். அதற்கு இடம் விட்டுவைத்தார் என்று கொள்வோம்.

பொன்னாடை இன்னும் நெருக்கமான சான்று. பாரதி பிறந்தநாளான டிசம்பர் 11 என்றில்லை, கத்திரி வெயிலில் நடக்கும் கூட்டமானாலும் தமிழ்நாட்டில் சிறப்பு விருந்தினர் கழுத்தில் துணி விழாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. போர்த்துபவர் வெப்பநிலையைக் கேட்பதில்லை. போர்த்தப்படுபவரும் ‘புழுங்குகிறது’ என்று சொல்வதில்லை. மாலையும் அப்படியே. நம் ஊரில் கழுத்து என்பது மதிப்பு வந்து விழும் இடம். அங்கே விழுவது பூவாக இருக்க வேண்டும், வளையமாக இருக்க வேண்டும். மாலையின் குறை வாடுவது. பொன்னாடையின் குறை, போர்த்திய மூன்றாம் நொடியில் மடித்து மடியில் வைக்கப்பட்டு அடுத்த கூட்டத்தில் வேறொருவர் தோளுக்குப் போய்விடுவது. பூப்பின்னல் போட்ட வளைய மப்ளர் இரண்டு குறைக்கும் மருந்து. அதன் பூ வாடாது. மூடிய வளையம் என்பதால் தலை வழியே கழற்றியாக வேண்டும், அதை மேடையில் செய்யும் துணிவு யாருக்கும் வராது. வெறும் சாதாப் பின்னலுக்கு இந்தத் தகுதி இல்லை. பூவை எடுத்துவிட்டால் எட்டயபுரத்தில் அது கழுத்துப் பட்டை மாதிரித் தெரியும். எலும்பு வைத்தியரைப் பார்த்தீர்களா என்று நலம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த வளையத்துக்குள்ளே ஒரு வடிவச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. வளர்ந்தவரின் தலைச் சுற்று ஏறத்தாழ 56 சென்டிமீட்டர். கழுத்துச் சுற்று 35 முதல் 40. கழுத்துக்கு அளவெடுத்தால் தலையில் மாட்டாது. தலைக்கு அளவெடுத்தால் கழுத்தில் தொளதொளக்கும். தலைக்கனம் உள்ளவர்களுக்கு இந்தத் தொளதொளப்பு கூடுதல். இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் பூ உப்ப வேண்டியிருக்கிறது. ஜாஸ்மின் ஸ்டிச் என்று பின்னுபவர்கள் சொல்லும் வகையை எடுத்துக்கொள்வோம். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, கண்ணிக்குள் நுழைத்து, இழுத்த நூலை ஒரு விரற்கடை உயரத்துக்கு நீட்ட வேண்டும். இதையே இரண்டு மூன்று முறை செய்தால் ஊசிமேல் கண்ணிகள் நெருக்கியடித்து உட்காரும். இது ஓர் இதழ். மூடாமலே அடுத்த இதழ், அதற்கடுத்தது. பிறகு அத்தனை கண்ணிக்கும் ஊடே ஒரே இழுப்பு. இறுக்கியதும் நடுவே பூக்கண் விழும். அடுத்த சுற்றின் இதழ்கள் அந்தக் கண்ணிலிருந்துதான் மேலே கிளம்பும்; ஆக எந்தப் பூவும் ஒரே சுற்றில் முடிவதில்லை. ஆறிதழ்ப் பூவில் எந்த இதழும் அந்தப் பூவுக்கு மட்டும் சொந்தமுமில்லை. ஒரே வரப்பை இரண்டு காட்டுக்காரர் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்வது மாதிரி, பக்கத்துப் பூவுக்கும் அதுவே இதழ். கண்ணியின் உயரம் சீராக இல்லையென்றால் ஓர் இதழ் துருத்தும், ஓர் இதழ் சூம்பும். ஒழுங்காக உப்பிய இதழுக்குள் அசையாத காற்று அடைபட்டுக் கிடக்கிறது. கதகதப்பு தருவது நூலைவிட அந்தக் காற்றுதான். அழகுக்காகப் போட்ட பூவே குளிரையும் தடுத்துவிடுகிறது. சாக்கும் காரணமும் ஒரே இதழில் கலந்துபோன இடம் இது.

இது வெள்ளைக்காரன் வேலை என்ற ஆட்சேபம் வரும். வரலாறு அதைப் பாதி ஒப்புக்கொள்கிறது. பாதிரியார் கால்டுவெல்லின் மனைவி எலைசா 1844இல் மணம் முடித்து இடையன்குடிக்கு வந்து, தேரிக்காட்டுப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நாகர்கோவிலில் அவருடைய தாயார் அதற்கு முன்பே அதே வேலையைத் தொடங்கியிருந்தார். அது தலையணைமேல் உருளைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா வேறு. ஆனாலும் தெற்குச் சீமைக்கு இந்த வகை நூல் வேலை வந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டாகிறது. மிளகாய் இந்த நாட்டுக்கு வந்ததும் வெளியிலிருந்துதான். அதை எட்டயபுரத்துச் சந்தையில் போய் அன்னியம் என்று சொல்லிப் பார்க்கலாம். தவிர, திருப்பூர் முழுக்க எந்திரம் ஓடினாலும் குரோஷா பின்னலைக் கைபோலப் பின்னித்தள்ளும் ஆலை எந்திரம் இன்னும் வரவில்லை.

நூல் பற்றிய ஆட்சேபம்தான் கொஞ்சம் கடினம். பருத்திச் சீமையில் உல்லனா என்று சுதேசி மனம் உறுத்தும். பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைக்க முயன்று நொடித்த மண் இது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணிப் பருத்தியிலிருந்து கே வரிசை ரகங்களை வெளியிட்டது. கருங்கண்ணியின் இழை குட்டை. நயமான மெல்லிய நூலுக்குச் சரிப்படாது, தடித்த நூலுக்குத் தோது. தடித்த, முறுக்குத் தளர்ந்த நூல்தானே இதழ் உப்பக் கேட்பது? ஆகையால் கருங்கண்ணி மப்ளர் கொள்கையளவில் நடக்கும். ஆனால் பருத்திக்குக் கனம் அதிகம், துள்ளல் குறைவு. துவைத்துக் காயப்போட்டால் பூ அமுங்கிப் படுத்துவிடும், மேடைக்குப் போகும் பொருளுக்கு அது ஆகாது. உல்லன் என்று கடையில் கொடுக்கிறார்களே, அதில் ஆட்டுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாததே பெரும்பாலும். அது அக்ரிலிக், பெட்ரோலியத்தின் வாரிசு. எனவே வேம்பூர் ஆட்டுக்கு மனத்தாங்கல் ஏற்பட வழியில்லை.

எஞ்சியிருப்பது சித்திரையில் அதை என்ன செய்வது என்பது. கழற்றி, மடித்து, தகரப் பெட்டியில் பட்டுச் சேலைக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே வைக்க வேண்டும் என்பது தெளிவு. அக்ரிலிக்கைப் பூச்சி தொடாது. ஆகவே அந்துருண்டை போடுவது விஞ்ஞானப்படி வீண் என்று ஒரு சாரார். அவர்கள் சொல்வது சரி. அந்துருண்டை இரண்டு போடவும்.