அடிபம்பும் அடியேனும்

பட்டுக்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பெரிய இன்வெர்ட்டர் என்னுடையதுதான். 150 ஏ.எச். பேட்டரி. எங்கள் தெரு வழியாக நீங்கள் எப்போதாவது போயிருந்தால் உங்களையும் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லியிருப்பேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து மின்னியல் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவன். கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைக்காதவன் பசங்களுக்கு ஓம் விதி நடத்தலாமா?

2018 நவம்பர் 15 ராத்திரி கஜா புயல் வந்தது. கஜா என்றால் யானை. அந்தப் பெயரைக் கொடுத்தது இலங்கை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறும் என்று ரேடியோவில் சொன்னதும், “நமக்கு இல்லை, நீ படு” என்றேன் மனைவியிடம். யானைக்கு எங்கள் ஊருக்கும் வழி தெரிந்திருந்தது.

முன்னெச்சரிக்கையாக ராத்திரியே கரண்டை நிறுத்திவிட்டார்கள். தெரு முழுக்க இருட்டு. என் வீட்டில் மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். மூன்று மின்விசிறியும் சுற்றின. “புயலடிக்கிற ராத்திரியில ஃபேன் எதுக்குங்க?” என்று மனைவி கேட்டாள். “இருக்கே, அதுக்கு” என்றேன். நள்ளிரவுக்கு மேல் காற்று பிடித்த பிடியில் ஜன்னல் கதவுகள் பேயாட்டம் ஆடின. தென்னை மரங்கள் விழுகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. விடிந்ததும் எங்கள் தெருவில் முதலில் கூவியது சேவல் அல்ல, என் இன்வெர்ட்டர். கீ, கீ, கீ என்று நாலு தடவை. பிறகு பதின்மூன்று நாளைக்கு வாயே திறக்கவில்லை.

வெளியே வந்து பார்த்தால் மின்கம்பங்கள் ஒடிந்து கிடந்தன. டெல்டா மாவட்டங்களில் விழுந்த கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பிறகு சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு அதில் பதினொன்று.

மாடித் தொட்டியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் இருந்தது. முதல் நாள் எப்போதும்போலக் குளித்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் குழாய் இருமியது. கீழே ஆழ்குழாயில் ஒரு குதிரைத்திறன் மோட்டார். அதாவது 746 வாட். இது மட்டும் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை. ஏனென்றால், வீட்டுக் கிணற்றை மூடி அதன்மேல் கார் நிறுத்தக் கொட்டகை போட்டவனும் நானே. கார்? இன்னும் வாங்கவில்லை.

வெளிச்சத்துக்காவது வழி இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். என் தாத்தாவின் அரிக்கேன் விளக்கு வரவேற்பறையில் தொங்குகிறதே. அரிக்கேன் என்றால் இங்கிலீஷில் புயல், புயலிலும் அணையாத விளக்கு என்பதால் அந்தப் பெயர் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவேன். எடுத்துத் துடைத்து, திரியைத் தேடினேன். திரி இருந்த இடத்தில் எல்.இ.டி. பல்பு இருந்தது. போன தீபாவளிக்கு அழகுக்காக நானே ஆள் வைத்து மாட்டியது. புயலில் அணையாத விளக்கு, பிளக்கில் செருகினால்தான் எரியும்.

மூன்றாம் நாள் காலை இரண்டு குடத்தோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்றேன். இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். எழுபதைத் தாண்டியவர். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு அடிபம்பு. தினமும் அதிகாலை நாலரைக்கு மாட்டுக்குத் தண்ணீர் அடிப்பார். கிரீச், கிரீச் என்று அது என் தலையணைக்குள்ளேயே கேட்கும். நான் நாகரிகமானவன், சண்டைக்குப் போகவில்லை. ஒரு நாளிதழுக்கு ஆசிரியர் கடிதம் எழுதினேன். “குடியிருப்புப் பகுதிகளில் அதிகாலையில் நாராசமாய் ஒலிக்கும் அடிபம்புகள் இந்த நூற்றாண்டிலும் தேவையா?” என்று தொடங்கி, பெயர், தெரு, ஊர் எல்லாம் போட்டு அனுப்பினேன். பிரசுரமும் ஆகிவிட்டது. பெரியம்மாவுக்குப் படிப்பு வாசனை கிடையாது, அதனால் பயமில்லை என்பது என் கணக்கு.

“வாங்க வாத்தியார் தம்பி, கேக்கவா செய்யணும்? அடிச்சுக்கங்க” என்றார். தெருவே அங்கேதான் வரிசையில் நின்றது. என் முறை வந்தது. அடித்தேன். காற்று வந்தது. இன்னும் வேகமாக அடித்தேன். இன்னும் அதிகக் காற்று வந்தது. வளிமண்டல அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, பத்து மீட்டருக்கு மேல் இந்த பம்பு இழுக்காது என்று கரும்பலகையில் படம் போட்டுப் பாகம் குறித்தவன் நான். வளிமண்டலம் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பின்னால் நின்ற ஆறாம் வகுப்புச் சிறுமி, “சார், தள்ளுங்க” என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரை பம்பின் தலையில் ஊற்றி நாலு அடி அடித்தாள். குபுகுபுவென்று கொட்டியது. பம்புக்குள் இருந்த தண்ணீர் கீழே இறங்கிவிட்டதாம். தண்ணீர் வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் தண்ணீர் கொடுக்க வேண்டுமாம். எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது இது?

குடத்தைத் தூக்கி நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். பம்புக்கு நேர் எதிரே மாட்டுக் கொட்டகைச் சுவரில், கண்ணாடிக் காகிதம் சுற்றி, நாலு பக்கமும் ஆணி அடித்து என் ஆசிரியர் கடிதம். ஆணியைக்கூட அந்த யானையால் அசைக்க முடியவில்லை. “நம்ம பம்பைப் பத்தி வாத்தியாரு பேப்பர்ல எழுதுனாருல்ல? பேரன் வெட்டி ஒட்டிக் கொடுத்தான்” என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னார் பெரியம்மா. “தம்பி, நீங்களே ஒருக்கா படிச்சுக் காட்டுங்களேன்.”

என்ன செய்வேன்? குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “குடியிருப்புப் பகுதிகளில் அதிகாலையில்... இனிமையாய் ஒலிக்கும் அடிபம்புகள்... இந்த நூற்றாண்டிலும் தேவை” என்று படித்தேன். ஆறாம் வகுப்புக்காரி என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியம்மா, “அடடா, என்னமா எழுதியிருக்காரு” என்றார். அதற்குப் பிறகு பத்து நாள், காலையும் மாலையும், அந்தச் சுவருக்கு எதிரே நின்றுதான் நான் தண்ணீர் அடித்தேன்.

கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்று மாலையே பெரியம்மா ஒரு நிஜ அரிக்கேன் விளக்கை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். டிராக்டர் வைத்திருக்கும் மூன்றாம் வீட்டுத் தம்பி, அதன் பேட்டரியில் தெருவில் இருந்த அத்தனை செல்போனுக்கும் சார்ஜ் ஏற்றினான். முழுதாய் ஏறிய என் போனுக்கு முதல் ஆளாகச் சென்னையிலிருந்து மகன் பேசினான். கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரியை மிச்சம் பிடிப்பது எப்படி என்று நாற்பது நிமிஷம் விளக்கினான். போன் அணைந்தது. டிராக்டர்த் தம்பி மறுபடி வாங்கிக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு ஊருக்கு வெளியே தென்னந்தோப்பு, அப்பா வைத்தது. ஒரு மரம் நிற்கவில்லை. நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும். விழுந்த மரங்களில் இருந்து தென்னங்குருத்தை வெட்டி வந்து வீட்டுக்கு வீடு கொடுத்தான். “வீணாப் போவுது, சாப்பிடுங்க சார்” என்றான். வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு யாருக்கும் எதையும் விளக்கத் தோன்றவில்லை.

கம்பம் நட வெளியூர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கேரளாவில் இருந்துகூட. சேற்றில் முழங்கால் புதைய நின்று வேலை பார்த்தார்கள். தெருவே முறை போட்டு அவர்களுக்குச் சமைத்தது. என் மனைவிக்கு சாம்பார், எதிர்வீட்டுக்குக் கூட்டு. எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லாததால், கம்பத்தடியில் நின்று மும்முனை மின்சாரம் பற்றி அவர்களிடம் பேச ஆரம்பித்தேன். மேலே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், கொறச்சு மாறி நில்லுங்க” என்றார். மாறி நின்றேன். இன்னும் கொஞ்சம் என்றார். என் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் வந்தது. தெருவே ஓவென்று கத்தியது. பட்டாசுகூட வெடித்தார்கள். நான் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். போட்டுவிட்டு, பதின்மூன்று நாளுக்குப் பிறகு சுற்றுகிற மின்விசிறிக்கு அடியில் சும்மா ஒரு நிமிஷம் படுத்தேன். கண் விழித்தபோது நாலரை மணி. அடிபம்பு சத்தம் இல்லை, அருவி சத்தம். மாடித் தொட்டி நிரம்பி, வழிந்து, சரியாகப் பெரியம்மாவின் மாட்டுக் கொட்டகைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்க விடிந்ததும் போனேன். மாடுகள் ஈரத்தோடு தெருவில் நின்று என்னையே பார்த்தன. பெரியம்மா திண்ணையில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தினத்தந்தியை விரித்து வைத்திருந்தார். விரல் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒரு பக்கம் முடித்து, அடுத்த பக்கம் திருப்பும்போதுதான் நிமிர்ந்தார்.

“வாங்க தம்பி. அடுத்து எப்ப எழுதப்போறீங்க?” என்றார்.

எழுதிவிட்டேன், பெரியம்மா.